கதவைச் சாத்திய டிரைவர்

யோலாண்டின் இரண்டு கையும் கோழிக்குள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முதல் நாளே மசாலா தடவி ஊற வைத்தால்தான் கறியில் இறங்கும். மிளகாயும் பூண்டும் விரலெல்லாம் அப்பியிருந்த நேரம் பார்த்து ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது.

"முப்பத்தொம்போதே, முப்பத்தொம்போதே,
மூச்சு வாங்க ஓடி வந்தேன், கதவ ஏன் சாத்தின?"

மிளகாய்க் கையால் ரேடியோவைத் தொட முடியாது.

"மிஸ் ஜாய்ஸ், அதக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

பக்கத்து வீட்டு மிஸ் ஜாய்ஸ் நிறுத்துவதாக இல்லை. இடுப்பை ஆட்டிக்கொண்டே போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

"ஏன் நிறுத்தணும்? நம்ம பின் தெரு கெமாரோட முதல் ஆல்பம். பர்மிங்காமே பாடுது. துணி துவைக்கிற கடை, காசு தீந்து போற கரண்ட் மீட்டர், பஸ்ஸோட மாடி சீட்டு, எல்லாம் நம்ம கததான். அதுல ஒரே ஒரு வில்லன். அதுவும் பஸ் கதவச் சாத்துன உன் வீட்டுக்காரன்."

யோலாண்ட் கோழியை அழுத்தித் தேய்த்தாள்.

பாட்டு வந்த வாரமே பஸ் டிப்போவில் மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்து, "யாரு அந்த முப்பத்தொன்பதாம் நம்பர் பஸ் டிரைவர்?" என்று கேட்டாராம். கெமார் பஸ்ஸுக்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறான், டிரைவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் புருஷன் எவர்டன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் தானாகவே கையைத் தூக்கியிருக்கிறான்.

பழைய ஆள் என்பதால் ஒரு திட்டோடு போயிற்று. ஆனால் ஊர் விடவில்லை.

"சர்ச்சுல போன வாரம் பாஸ்டரே சொல்றாரு," என்றார் மிஸ் ஜாய்ஸ். "மோட்சத்துல கதவுகிட்ட மட்டும் எவர்டன நிறுத்திராதீங்கப்பா, ஒருத்தரும் உள்ள வர முடியாதுன்னு."

யோலாண்டுக்கு அழுகை வந்தது. சாதாரண நாளிலேயே நாலு பேர் எதிரில் வாய் திறக்க மாட்டாள். இப்போது கடைக்குப் போகவே கூச்சம்.

முந்தின ராத்திரி அவனையே கேட்டிருந்தாள். "ஒருத்தன் ஓடி வர்றான்னு தெரிஞ்சும் சாத்த எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

"அது என் டியூட்டி, என் பஸ்ஸு. விடு யோலாண்ட்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டான். ஒரு வருத்தம் கூட இல்லை. இவனையா கட்டிக்கொண்டோம் என்றிருந்தது. காலையிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் மாடியில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில் மணி அடித்தது. மிஸ் ஜாய்ஸ் போய்த் திறந்தார்.

எவர்டனோடு டிப்போவில் பஸ் ஓட்டும் ஹோடான். சோமாலிக்காரப் பெண். கையில் மூடி போட்ட டப்பா.

"சம்பூசா செஞ்சேன், எங்க ஊரு சமோசா. எவர்டனுக்குப் பிடிக்குமேன்னு..."

"எதுக்கு? நல்லா கதவு சாத்துனதுக்கா?" என்றாள் யோலாண்ட். தன் வாயா இது என்று அவளுக்கே தோன்றியது.

ஹோடான் முகம் சுண்டிப்போயிற்று. "அவரு ரொம்ப நல்லவரு" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நீதான் மெச்சிக்கணும்," என்றார் மிஸ் ஜாய்ஸ். "உனக்கு வேல நிரந்தரம் ஆச்சா?"

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் ஒரு புகாரும் வரக் கூடாது. வந்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"புகாரு வராம இருக்கணும்னா எவர்டன்கிட்ட மட்டும் பாடம் படிச்சிராத," என்று சிரித்தார் மிஸ் ஜாய்ஸ். "இந்த ஊர் சனங்களுக்கு முதல் ரெண்டு வரிதான் தெரியும். நான் காசு குடுத்து ஆல்பமே வாங்குனவ. கடைசிச் சரணம் இருக்கே, அதான் பிரமாதம். கேளு."

மேசையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார்.

"வருசத்துக்கே ஒரு நாள் பனி,
ஓட்ட ஷூவுக்குள்ள தண்ணி,
வெள்ளையா ஒரு சனிக்கெழம,
வேலைக்குப் போக லேட்டு மணி..."

யோலாண்டின் கை கோழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

இந்த வருஷம் பனி விழுந்தது ஒரே ஒரு நாள். அந்தச் சனிக்கிழமையை அவளால் மறக்க முடியுமா? விடிகாலையிலிருந்து பிரசவ வார்டில் அவள் கத்திய கத்தலும், பக்கத்தில் எவர்டன் நின்றதும், அவள் பிடித்த பிடியில் அவன் விரல் வீங்கிப்போனதும்! அன்றைக்கு முழுக்க அவன் பஸ் பக்கமே போகவில்லை.

அவனுக்குப் பதிலாக அவன் டியூட்டியைப் பார்த்துக் கொடுத்தது, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த ஹோடான்.

நிமிர்ந்து பார்த்தாள். ஹோடான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"என்ன கண்ணு, ரொம்ப நல்லவருன்னியே?" என்றார் மிஸ் ஜாய்ஸ் ஹோடானிடம். "இப்பவாவது ஒத்துக்கோ. பனியில ஒருத்தன நிக்க வச்சிட்டுப் போனவன் மனுசனா?"

மொத்தச் சர்ச்சுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது யோலாண்டுக்கு.

"மிஸ் ஜாய்ஸ், அந்தச் சனிக்கெழம என் புருஷன் எங்க இருந்தாரு தெரியுமா? அவரு என்கூட..."

"யோலாண்ட்!" மாடிப்படியிலிருந்து எவர்டன் அவசரமாகக் கூப்பிட்டான். "பாப்பா எந்திரிச்சு அழுவுறா பாரு, சீக்கிரம் மேல வா!"

பாப்பா, சமையலறை மேசைக்கடியில் கூடைக்குள், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.