சிரிப்பு நரம்பு

மரகதவல்லியின் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு எழும்பியிருந்த வீக்கம், எச்சில் சுரப்பியில் கட்டிய நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது.

"எடுத்துடலாம். ஆனா சிரிக்கிற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. அதுல கத்தி பட்டா சிரிக்க வராது. அதான் யோசனை," என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் கணவன் தணிகாசலம் வராந்தாவில் ஓரிடத்தில் உட்காரவில்லை. பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே அவள் சிரித்தாலும் "பல்லைக் காட்டாதடி" என்று அதட்டியே பழகிய வாய் அவனுடையது. அன்று அது வறண்டு கிடந்தது.

மறுநாள் டாக்டர் காதடியில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "எங்கே, பல்லு தெரியச் சிரிங்கம்மா," என்றார்.

அவள் முகம் அசையவில்லை.

"சிரி, மரகதம்," என்று தணிகாசலம் கெஞ்சினான்.

அவள் டாக்டரை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். உதடு அதிகம் பிரியாமல் கேட்டாள்:

"பல்லு தெரியலாமாங்க?"