மாத்திரை மாற்றிய மனுஷன்

“உங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதாம்மா?”

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள் நர்ஸ். புதிதாகக் கடைக்கு வந்திருக்கும் ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று கவனிக்க ஆஸ்பத்திரியில் ஒரு குழு போட்டிருந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு மருந்தாளுநர், வீடு வீடாக அலைய இவள். அவர்கள் இரண்டு பேருக்கும் மின்விசிறி, இவளுக்கு வெயில். இதுவரை போன பத்து வீட்டிலும் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“மாற்றமா? ஆளே மாறிட்டாரு சிஸ்டர்,” என்றாள் வீட்டுக்கார அம்மா. “முன்னெல்லாம் காலையில எழுந்தாலே மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தொட்டதுக்கெல்லாம் கத்துவாரு. நானும் சும்மா விடமாட்டேன். பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்திக்குவாங்க. இப்ப மூணு வாரமா பெட்டிப் பாம்பா அடங்கிட்டாரு.”

நர்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ‘மனநிலை மாற்றம்’ என்று எழுத ஆரம்பித்தாள்.

“ஐயையோ, அதை எதுக்கு எழுதறீங்க?”

“குழுவுக்குச் சொல்லியாகணும்மா. நல்ல மாற்றமா இருந்தாலும் மாற்றம்தானே. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் சொல்லுவாங்க.”

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் இந்த வீட்டுல நிம்மதியா மூச்சு விடறேன். அதையும் பிடுங்கிடாதீங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நர்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதி முடித்தாள். வேலை என்று வந்தபிறகு தாட்சண்யம் பார்த்தால் முடியுமா?

அப்போது உள் அறையிலிருந்து இடி இறங்கியது.

“என் கண்ணாடியை எங்கடி கொண்டுபோய்த் தொலைச்சே? வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கா இந்த வீட்டுல?”

தொடர்ந்து ஒரு கதவு படாரென்று அறைந்து சாத்தப்பட்டது. நர்ஸ் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

“பார்த்தீங்களா?” அந்த அம்மா பூரித்துப்போய்ச் சிரித்தாள். “எவ்வளவு தன்மையா கேக்கறாரு.”

நர்ஸ் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்த மாத்திரையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா.”

இரண்டு சின்ன டப்பாக்கள் வந்தன. “அட்டையோட வெச்சா இடத்தை அடைக்குதுன்னு, வாங்கின அன்னிக்கே எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிடுவேன். பச்சை மூடி அவரோடது. சிவப்பு மூடி என்னோட சத்து மாத்திரை. ரெண்டையும் ஒரு நாள் தவறாம நான்தான் எடுத்து வைக்கிறேன்.”

நர்ஸ் இரண்டு டப்பாவையும் திறந்து, படிவத்தில் ஒட்டியிருந்த மாத்திரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து பேனாவை எடுத்து, ‘மாத்திரை சாப்பிடுபவர்’ என்ற இடத்தில் ‘கணவர்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘மனைவி’ என்று எழுதினாள்.