புள்ளியில் உட்கார்ந்த கோடு

ஓர் எலெக்ட்ரான் அணுவில் மோதி, அதனுள்ளிருக்கும் இன்னோர் எலெக்ட்ரானை வெளியே தள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்று பூங்கோதை நான்கு வருடம் கணக்குப் போட்டாள். அவள் வரைந்த கோடு, வடநாட்டு ஆய்வகம் ஒன்று அளந்து வெளியிட்டிருந்த புள்ளிகளில் படாமல் மேலே தனியாகப் போயிற்று. அவளுடைய ஆய்வு வழிகாட்டி வேதமாணிக்கம் படத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டார். "ஏதாவது ஒரு எண்ணால பெருக்கிக் கீழ இறக்கும்மா. புள்ளியில உக்காரணும், அவ்வளவுதான். எவன் கேக்கப் போறான்?" அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெருக்கினாள். கோடு சமத்தாகப் போய் உட்கார்ந்தது. கட்டுரை வெளிவந்தது, அவர் துறைத் தலைவரானார். அடுத்த வருடக் கருத்தரங்கில் அந்த ஆய்வகத்து விஞ்ஞானியே மேடையேறினார். சோதனை வாயுவை அளந்த தங்கள் அழுத்தமானி பழுதாக இருந்ததென்றும், வெளியிட்ட அளவுகள் எல்லாமே குறைவென்றும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிய புள்ளிகளைத் திரையில் காட்டினார். பூங்கோதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் முதலில் வரைந்த கோடு போன அதே வழியில் அவை போயின. எங்கள் தவற்றோடு உங்கள் கணக்கு மட்டும் எப்படி அத்தனை கச்சிதமாகப் பொருந்தியது என்று அவர் சபையிலேயே கேட்டார். முன்வரிசையில் அவளருகே உட்கார்ந்திருந்த வேதமாணிக்கம், கண்ணாடியைத் துடைத்தபடி மைக்கை அவளிடம் நீட்டினார். "கணக்கு நீ போட்டதுதானேம்மா. சொல்லு." அவள் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, "நீங்களும் எந்திரிங்க சார்" என்றாள்.