நகத்தளவு ரொட்டி

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுதைத் தள்ள அவள் பாலிமர் களிமண்ணில் நகத்தளவு ரொட்டிகள் செய்தாள். ஓவனில் சுட்டுப் பொம்மை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைப்பாள்.

ஒரு மதியம் ரொட்டியின் நடுப்பகுதியைக் காணோம். ஓரம் மட்டும் தட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் சாப்பிடுவது அப்படித்தான்.

"இன்னும் அந்தப் பழக்கம் போகலியா உங்களுக்கு?" என்றாள்.

மறுநாள் ஓரமில்லாமல் செய்தாள். தட்டு காலியானது.

மகள் போனில் கேட்டாள். "தனியா சாப்பிடப் பிடிக்காம பட்டினி கிடக்கிறியாம்மா?"

"இல்லடி. இன்னைலேருந்து தனியா சாப்பிடப் போறதில்ல."

அன்று பொம்மை மேஜையில் இரண்டு தட்டுகள் வைத்தாள். சாயங்காலம் இரண்டுமே காலியாக இருந்தன. அவளுக்கென்று சமைத்தது அடுப்பின்மேல் தொடாமல் ஆறிக்கிடந்தது. அவளுக்குப் பசிக்கவே இல்லை.