கை கொடுத்த நாய்

நாய்க் காப்பகத்துக்குள் மார்லிஸ் நுழைந்ததுமே ஒரு பீகிள் இன நாய் அவளிடம் ஓடி வந்தது.

"மூணு வாரமா யார்கிட்டயும் போகாத பய," என்றார் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் டுவேன். "மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்துல ஆறு வருஷம் கூண்டுல இருந்திருக்கான். புல்லுல கால் வைக்கவே பயப்படுறான். உங்களை மட்டும் எப்படிப் பிடிச்சுது?"

மார்லிஸ் தரையில் உட்கார்ந்தாள். நாய் அவள் எதிரில் உட்கார்ந்து முன்னங்காலை நீட்டியது.

"பாருங்க, கை கொடுக்கிறான். நாங்க கத்துக்கொடுக்கவே இல்லையே," என்று சிரித்தபடி தத்துப் படிவத்தை நீட்டினார் டுவேன்.

"கை கொடுக்கல," என்றாள் மார்லிஸ். "ஊசிக்குக் காலை நீட்டுறான். அங்க வாராவாரம் இவன்கிட்ட ரத்தம் எடுத்தது நான்தான்."

டுவேன் படிவத்தைப் பின்னுக்கு இழுத்தார். "அப்புறம் ஏன் உங்ககிட்ட ஓடி வந்தான்?"

"ஊசி போட்டதும் காதைத் தடவிக்கொடுப்பேன். அதுக்காகவா, இல்ல வெறும் பழக்கமா, எனக்கும் புரியல. வேலையை விட்டுட்டு வந்துட்டேன்."

டுவேன் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படிவத்தோடு பேனாவையும் கொடுத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டு முடித்தும் நாய் நீட்டிய காலை எடுக்கவில்லை. இனி எடுத்துவிடலாம் என்று அதற்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.