தங்கையின் கால்கள்

ஆபரேஷன் தியேட்டர் கதவுக் கண்ணாடி வழியே பார்த்த ஆத்மநாதனுக்கு, சிசேரியனுக்காக உள்ளே போன தங்கை வனிதாவின் கால்கள் மட்டுமே தெரிந்தன. இரண்டையும் வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அவன் ஊரான வல்லத்திராக்கோட்டையில் பிணத்துக்குத்தான் காலைக் கட்டுவார்கள்.

கதவை உதைத்துத் திறந்தான். டாக்டரின் மூக்கில் குத்தினான். ரத்தம் கொட்டியது. தடுத்த நர்ஸைச் சுவரோடு தள்ளினான்.

"கொன்னுட்டு, எங்ககிட்ட சொல்லாமயே கட்டுறீங்களாடா?"

துணியைப் பிடித்து வெறியோடு உருவினான்.

"அவுக்காதேய்யா," தரையில் கிடந்த டாக்டர் கத்தினார். "முதுகுல ஊசி போட்டா பிரஷர் எறங்கிரும். எறங்காம இருக்கத்தான் காலைச் சுத்தினோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கால்களிலிருந்தும் துணி முழுக்க அவிழ்ந்திருந்தது.

முகத்தை மறைத்திருந்த திரைக்குப் பின்னாலிருந்து வனிதாவின் குரல் தேய்ந்து வந்தது.

"அண்ணே, கண்ணு இருட்டிக்கிட்டு வருதுண்ணே."