கயிற்றேணி

முதலாளி கைவிட்ட அந்தக் கப்பல், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே பதினான்கு மாதமாக நங்கூரமிட்டு நின்றது. அதில் மிஞ்சியவர்கள் எஞ்சின் வேலை பார்த்த கென்னடியும் சமையல்காரர் தொம்மையும்தான். கரையில் கால் வைக்க அவர்களுக்கு அனுமதியில்லை.

கென்னடி தினமும் சமையலறை வாசலுக்கு மேலே ஓடும் குழாயைப் பிடித்துத் தொங்குவான். ஆரம்பத்தில் பத்து எண்ணுவதற்குள் விரல்கள் நழுவின. இப்போது நூறைத் தாண்டிவிட்டான்.

“எதுக்குடே இந்தப் பாடு?” என்றார் தொம்மை.

“நம்மள ஊருக்கு விட்டாங்கன்னா கயித்தேணிலதான் படகுக்கு இறங்கணும். கை நிக்கணும்லா. நீங்களும் தொங்குங்கண்ணே.”

தொம்மையும் தொங்கினார். மூன்றுக்கு மேல் அவரால் முடியவில்லை. மாத்திரை தீர்ந்து அவருக்குக் கால்கள் வீங்கியிருந்தன.

ஒரு காலையில் படகு வந்தது. ஒருவர் ஊருக்குப் போகலாம், கப்பலைக் காக்க மற்றவர் இருக்க வேண்டும், யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் அதிகாரி.

“நீ போடே. என் கை ஏணியப் பிடிக்காது” என்றார் தொம்மை.

கென்னடிக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவருடைய வீங்கிய கால்களைப் பார்த்தான். பிறகு ஒரு வடத்தைக் கொண்டுவந்து தொம்மையின் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினான்.

“கை நழுவினா பயப்படாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

இரண்டு முறை அவர் கை நழுவியது. இரண்டு முறையும் அவருடைய முழுப் பாரமும் கென்னடியின் முன்கைகளில் தொங்கியது. படகுக்காரர் தொம்மையை வாங்கி வடத்தை அவிழ்த்துவிட்டார்.

படகு மறைந்து நெடுநேரமாகியும் கென்னடியால் விரல்களை விரிக்க முடியவில்லை.